24 இன்ச் சைக்கிளை நிறுத்துவது எப்படி

தாத்தா ஓட்டிய 24 இன்ச் சைக்கிள் மாட்டுக்கொட்டகையிலிருந்து வெளியே வருகிறது. டயர், டியூப் மாற்றியாயிற்று. ஓவராயில் முடிந்தது. செயினுக்கு எண்ணெயும் விட்டாயிற்று. கடையில் நிற்கும் புதுச் சைக்கிள் எதில் ஏறினாலும் முழங்கால் ஹேண்டில் பாரில் இடிக்கிற ஆறடி ஆளுக்கு, இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது, நிற்பதைத் தவிர.

உடனே ‘எந்த பிரேக் நல்ல பிரேக்?’ என்று விசாரிக்க ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அலுமினிய ரிம் கோத்த முன்சக்கரம் ஒன்றையும், ரிம்மை இரண்டு பக்கமும் கைகளால் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் பிரேக் ஒன்றைப் பளபளவென்றும் இணையத்தில் வாங்கினேன். ஃபோர்க்கில் வைத்துப் பார்த்தால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடவில்லை, டயரைத் தொட்டது. காசு கொடுத்து வாங்கியதை விட மனசு வரவில்லை. கட்டை ஏறி இறங்கும் காடியை அரத்தால் ராவி நாலு மி.மீ. கீழே இறக்கினேன். அப்புறமும் கட்டையின் மேல் ஓரம் டயரின் பக்கத்தில் லேசாக உரசியது. தேய்ந்து சரியாகிவிடும் என்று விட்டேன். தேய்ந்தது டயர். மூன்றாவது வாரம், மத்தியான வெயிலில், பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி வெடித்தது.

நான் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி: இந்தச் சைக்கிளில், இந்த மட்கார்டோடு, எந்த பிரேக் உட்காரும்? அதற்கு ஐந்து நிமிஷமும் ஒரு டேப்பும் போதும்.

இருப்பதை முதலில் பாருங்கள்

நம் ஊர்ப் பெரிய சைக்கிள்கள் எல்லாம் ஒரே இங்கிலாந்து அச்சில் வார்த்தவை. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆகட்டும், சோனிப்பட்டின் அட்லஸ், லூதியானாவின் ஹீரோ ஆகட்டும், அமைப்பு ஒன்றுதான்: இரும்புக் குழாய் ஃபிரேம், 28 × 1½ சக்கரம், அகலமான தகர மட்கார்டு, ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக். ஃபிரேமில் 22 இன்ச், 24 இன்ச் என்று இரண்டு உயரம். பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரை 61 செ.மீ. வந்தால் உங்களுடையது 24. குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு அளக்கவே வேண்டாம், விலா எலும்புக்கே தெரியும்.

இனி டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் படியுங்கள். 40-635 என்று சின்ன எழுத்தில் இருக்கும். 40 என்பது டயரின் அகலம், 635 என்பது டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கு. ‘28 இன்ச்’ என்ற பெயரை நம்பாதீர்கள். இன்றைய 700சி சக்கரத்தையும் சில இடங்களில் 28 என்றுதான் விற்கிறார்கள், ஆனால் அது 622. விட்டத்தில் 13 மி.மீ. குறைவு, அதாவது ரிம் பிரேக்கிலிருந்து ஆறரை மி.மீ. தள்ளிப் போய்விடுகிறது. ஆறரை மி.மீ. என்றால் பிரேக் பிடிப்பதற்கும் டயர் வெடிப்பதற்கும் உள்ள தூரம்.

மூன்றாவதாக, ரிம்மின் பக்கத்தை விரலால் தடவுங்கள். பழைய இரும்பு ரிம்மில் பக்கம் உருண்டையாக வளைந்திருக்கும். இதற்கு வெஸ்ட்வுட் ரிம் என்று பெயர். ஸ்போக்ஸ் கம்பி கோக்கும் இடம் நடுவில் மேடாக இருக்க, அதன் இரண்டு பக்கமும் அச்சைப் பார்த்தபடி தட்டையான பாதை ஓடும். கம்பி பிரேக்கின் கட்டைகள் அந்தப் பாதையில்தான் போய் அழுத்தும். கேலிப்பருக்குத் தேவை தட்டையான பக்கச் சுவர். அது இந்த ரிம்மில் கிடையாது. ஆகவே ரிம்மை மாற்றாமல் கேலிப்பர் மட்டும் மாட்டும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஃபோர்க்கின் தலைப் பகுதி, அதாவது முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு கால்களும் சேரும் இடம். அங்கே முன்னும் பின்னும் ஊடுருவிப் போகும் துளை இருக்கிறதா? கேலிப்பர் மாட்டுவது அதில்தான். சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் மட்கார்டைப் பிடிக்கும் போல்ட் மட்டும் இருக்கும். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் குறுக்குக் குழாயையும் இதேபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு யோசனைகளை முதலிலேயே தள்ளிவிடலாம். டிஸ்க் பிரேக் வேண்டாம். அதைத் தாங்கும் காது இந்த ஃபோர்க்கில் இல்லை. வெல்டிங்கில் ஒன்று ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். ஃபோர்க் காலின் அடிப்பகுதி மெல்லிய குழாய், டிஸ்க்கின் இழுப்பு முழுவதும் அங்கே ஒரே இடத்தில் விழும். ரிம்மின் இரண்டு பக்கமும் தனித்தனிக் கை நிற்கும் வி-பிரேக்குக்கு ஃபோர்க் கால்களில் இரண்டு முளை பற்றவைத்திருக்க வேண்டும். அதுவும் இதில் இல்லை.

மிச்சம் மூன்று வழிகள். இருக்கிற கம்பி பிரேக்கையே ஒழுங்காகச் சரிசெய்வது ஒன்று. அலுமினிய ரிம் போட்டு நீளக் கை கேலிப்பர் மாட்டுவது இன்னொன்று. பிரேக்கை ரிம்மிலிருந்தே எடுத்து, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் வைக்கும் டிரம் மூன்றாவது.

சமதளமான ஊர், காய்கறி வாங்கவும் ஸ்டேஷன் வரை போகவும்தான் சைக்கிள் என்றால் முதல் வழியே போதும். செலவு கட்டைக்கும் மண்ணெண்ணெய்க்கும்தான். மேம்பாலம், இறக்கம், மழை, கேரியரில் மூட்டை என்று வந்தால் முன்சக்கரத்துக்கு மட்டும் நல்ல பிரேக் ஒன்றைப் போட்டுவிட்டு, பின்னால் கம்பி பிரேக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் நான் கடைசியில் செய்தேன். முன்னால் 622, பின்னால் 635 என்று கலந்து ஓடுகிறது. ஆறரை மி.மீ. வித்தியாசத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஏன் முன்சக்கரம்? பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கும், வண்டி நிற்காது. ‘முன் பிரேக் பிடிச்சா குட்டிக்கரணம்தான்’ என்று சின்ன வயதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தச் சைக்கிளோ நீளமானது. நீங்கள் நிமிர்ந்து, பின்சக்கரத்துப் பக்கமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். வழுக்காத தரையில் நேராகப் போகும்போது படிப்படியாக அழுத்தினால் அவ்வளவு சுலபமாகக் கவிழாது. மணலிலும் வளைவிலும் மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

கம்பி பிரேக்கைச் சரிசெய்வது

கம்பி பிரேக்குக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: பேருக்கு இருக்கும், பிடிக்காது. ஆனால் நான் கழற்றிப் பார்த்த வண்டிகளில் குறை பிரேக்கில் இல்லை. கல்லாகிப் போன ரப்பர், எண்ணெய் வழிந்த ரிம், லொடலொடவென்று ஆடும் இணைப்புகள். இந்த மூன்றையும் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஹேண்டில் பாரின் உயரத்தை முடிவு செய்யுங்கள். இதைச் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். லீவர் ஹேண்டில் பாரில் இருக்கிறது, அங்கிருந்து கம்பி நேரே கீழே இறங்குகிறது. உயரமான ஆள் வசதிக்காக ஹேண்டில் பாரை இரண்டு செ.மீ. தூக்கினால் கம்பியும் கூடவே மேலே போய், கட்டை ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரிசெய்த பிறகு ஹேண்டில் பாரைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கம்பி உடைந்து புதிது வாங்குவதானால் 24 இன்ச் ஃபிரேமுக்கு என்று கேட்டு வாங்குங்கள், முடிந்தால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். 22 இன்ச் வண்டியின் கம்பி எட்டாமல் போகலாம்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். பாரம் முழுவதும் லீவர் மேலும் பெல் மேலும் விழுந்து கம்பி வளையும். பெரிய ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தானாகத் தூக்கும். முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும்போது பெடல் அச்சுக்கு அடியில் செங்கல்லோ மரத்துண்டோ வைத்துக்கொள்ளலாம்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். இடம் வலமாகக் கொஞ்சம் ஆடினால் கம்பி பிரேக்குக்குப் பெரிய கவலையில்லை, அது ரிம்மைப் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. மேலும் கீழும் குதித்தால்தான் தொல்லை. மேடு வரும்போது கட்டை இடிக்கும், பள்ளத்தில் விட்டுவிடும். அதைச் சைக்கிள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துவிடுங்கள். ஹப்பில் ஆட்டம் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ரிம். கட்டை தொடும் அந்த உள்பாதையைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் மண்ணெண்ணெய் நனைத்துத் தேயுங்கள். துணியால் துடையுங்கள். வெளுத்த துணி கறுக்காமல் வரும் வரை துடையுங்கள். ஹப்புக்கு விட்ட எண்ணெய் ஸ்போக்ஸ் வழியாக ரிம்முக்கு வந்து சேர்வது சகஜம், அதனால் ஹப்பையும் ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது. குரோம் பூச்சு உரிந்து செதிலாக நிற்கும் இடங்களை உப்புத்தாளால் தேயுங்கள். அப்படியே விட்டால் புதுக் கட்டையைத் துருவி எடுத்துவிடும்.

கட்டைகளுக்கு ஒரு சின்னச் சோதனை. நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் ரப்பர். விழாவிட்டால் அது பேருக்கேற்ற மாதிரி கட்டைதான், தூக்கிப் போடுங்கள். கடைக்குப் போனாலும் இதே சோதனை. தூசி படிந்த பழைய சரக்கைக் கையில் திணிப்பார்கள், நகம் பொய் சொல்லாது.

கட்டையை ஏந்தியிருக்கும் தகரக் கூட்டுக்கு ஒரு முனை மூடியும் ஒரு முனை திறந்தும் இருக்கும். எந்த முனை எந்தப் பக்கம்? சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். ரிம் கட்டையைக் கடந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். முன்சக்கரத்தில் அது வண்டியின் முன்பக்கமாக அமையும். பின்சக்கரத்தில் கட்டைகள் கீழே, செயின் ஓடும் குழாய்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே ரிம் கீழ்நோக்கிப் போகும், மூடிய முனையும் கீழே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒரு அவசர பிரேக்கில் கட்டை வழுக்கி வெளியே வந்து ரோட்டில் விழும். விழுந்து பொறுக்கியவன் சொல்கிறேன்.

அடுத்து, கட்டைகளைச் சுமந்து சக்கரத்தைக் கவ்வியிருக்கும் கவட்டைக் கம்பி. அது ஃபோர்க் கால்களில் மாட்டிய இரண்டு கிளிப்புகளுக்குள் ஏறி இறங்குகிறது. கையால் தூக்கி விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் தானாக விழ வேண்டும். சிக்கினால் கிளிப் திரும்பியிருக்கிறது, அல்லது கவட்டையின் ஒரு கால் வளைந்திருக்கிறது. இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொட வேண்டும். ஒன்று முந்தினால் கவட்டையை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு போகும். கிளிப் திருகுகளை இறுக்கியே ஆக வேண்டும். அது கழன்று கவட்டை ஸ்போக்ஸுக்குள் போனால் முன்சக்கரம் நொடியில் நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

மேலிருந்து வரும் கம்பியும் கவட்டையும் சேரும் இடத்தில் ஒரு பூட்டும் நட்டு இருக்கும். அதைத் தளர்த்தி, கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இரண்டு பத்து ரூபாய் காசை அடுக்கி வைத்த அளவு, 3 மி.மீ.க்குச் சற்றுக் கூட, இடைவெளி விட்டு இறுக்குங்கள். லீவரை அழுத்தினால் பாதி தூரம் வருவதற்குள் பிடிக்க வேண்டும். ஹேண்டில் பாரில் முட்டும் வரை வந்தால் இடைவெளி அதிகம்.

பின் பிரேக்குக்குத்தான் பொறுமை வேண்டும். லீவரின் இழுப்பு ஹேண்டில் பாரிலிருந்து கழுத்துக்கு இறங்கி, அங்கே எல் வடிவத் துண்டில் திரும்பி, சாய்வுக் குழாயை ஒட்டி ஓடி, பெடல் அச்சுப் பக்கம் மறுபடி ஒரு துண்டில் திரும்பி, அப்புறம்தான் கட்டைக்குப் போகிறது. ஒவ்வொரு மூட்டிலும் துளை தேய்ந்து நீளவட்டமாகியிருக்கும். ஒரு மூட்டில் அரை மி.மீ. ஆட்டம் என்றால் நாலு மூட்டில் சேர்ந்து எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் லீவரை அழுத்த, இன்னொருவர் கம்பி போகும் வழியெல்லாம் விரல் வைத்துப் பார்த்தால், இழுப்பு எங்கே சாப்பிடப்படுகிறது என்று விரலுக்கே தெரியும். தேய்ந்த பின்னை மாற்றுங்கள், மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். 24 இன்ச் ஃபிரேமில் கம்பி நீளம் அதிகம், நடுவில் வளைந்திருந்தால் இழுக்கும்போது முதலில் அந்த வளைவுதான் நிமிரும். நேராக்குங்கள்.

கழற்றிய நட்டை அந்தந்த போல்டிலேயே திருகி வையுங்கள். பழைய வண்டியின் மரை இன்றைய மெட்ரிக் மரை அல்ல. டப்பாவில் கொட்டிவிட்டு, கிடைத்ததைப் போட்டு இறுக்கினால் இரண்டும் கெடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மாறாது: மழை. நனைந்த இரும்பு ரிம்மில் முதல் சில சுற்றுக்கு பிரேக் என்பதே இருக்காது. மழையில் இந்தச் சைக்கிளை ஓட்டுபவர்கள் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே லேசாகப் பிடித்து, ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்துக்கொண்டே போக வேண்டும். அது கைக்குப் பழகும் வரை இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல் இல்லை.

கேலிப்பர் போடுவதென்றால்

சக்கரத்தைப் பிறகு வாங்கலாம். இப்போதே அளக்க ஒரு வழி இருக்கிறது. ஃபோர்க்கில் சக்கர அச்சு உட்காரும் இடத்தின் நடுவிலிருந்து, தலைப் பகுதியில் உள்ள துளையின் நடு வரை மி.மீ.யில் அளந்துகொள்ளுங்கள். 622-இல் பாதி 311. அதைக் கழியுங்கள். வருவதுதான் கேலிப்பரின் கை எட்ட வேண்டிய தூரம், இரண்டு மூன்று மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம்.

என் ஃபோர்க்கில் 374 வந்தது. 311 போக 63. நான் முதலில் வாங்கியிருந்தது 47 முதல் 57 வரை எட்டும் கேலிப்பர். ஆறு மி.மீ. குறைவு, அதில் நாலை அரம் கொண்டு சம்பாதித்தேன், மிச்சம் இரண்டு டயரைத் தின்றது. கணக்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது பாருங்கள். பின்னால் அளந்தபோது 392, கழித்தால் 81. அதனால்தான் பின்னால் கம்பி பிரேக்கை விட்டுவைத்தேன்.

ரேஸ் சைக்கிள்களுக்கான கேலிப்பர் 39 முதல் 49 வரைதான் எட்டும், நமக்கு ஆகாது. 47–57 நடுத்தரம். டெக்ட்ரோ ஆர்559 போன்ற நீளக் கை கேலிப்பர்கள் 55 முதல் 73 வரை எட்டும், மட்கார்டு போட்ட சைக்கிள்களுக்கு இவைதான் தோது. அதற்கு மேலும் நீளமான தகரக் கை கேலிப்பர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் கை நீள நீள அழுத்தம் குறையும், வளைவும் கூடும். லீவரை இறுக்கும்போது கை கொடுக்காப்புளி மாதிரி வளைவதைக் கண்ணால் பார்க்கலாம். 73-ஐத் தாண்டினால் டிரம் பக்கம் போய்விடுங்கள்.

அப்புறம் மட்கார்டு. பழைய தகர மட்கார்டு அகலமானது, கேலிப்பரின் இரண்டு கைகளுக்கும் நடுவே நுழையாமல் முரண்டு பிடிக்கும். கேலிப்பரைக் கையால் மூடிப் பிடித்து, உள்ளே எவ்வளவு அகலம் இருக்கிறதென்று வாங்குமுன் அளக்க முடிந்தால் நல்லது. கொஞ்சம்தான் இடிக்கிறது என்றால் இடிக்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, மட்கார்டின் ஓரத்தை அங்கே மட்டும் குறட்டால் உள்ளே மடித்துவிடலாம். நிறைய இடித்தால் 45 மி.மீ. அகலத்தில் புது மட்கார்டு வாங்கிவிடுவது மேல். அதற்குள் 32, 35 மி.மீ. டயர் அடங்கும். மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டு பிரேக்கைப் பூட்டி, கடைசியில் மட்கார்டை மாட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே போல்டில் தொங்கப் போகின்றன.

அந்த போல்டின் வரிசை இது. முன்னாலிருந்து: கேலிப்பர், வாஷர், ஃபோர்க், ஃபோர்க்கின் வளைவுக்கு ஏற்ற வளைந்த வாஷர், மட்கார்டின் காது, தட்டை வாஷர், கழலாத நைலான் நட்டு. பழைய ஃபோர்க்கில் துளை இரண்டு பக்கமும் 6 மி.மீ. போல்டுக்கு ஏற்றதாக இருக்கும். புதுக் கேலிப்பர்களோ குழாய் போன்ற நீள நட்டு உள்ளே நுழையும்படி செய்யப்பட்டவை, அதற்குப் பின் சுவரில் 8 மி.மீ. துளை வேண்டும். முடிந்தால் சாதாரண நட்டு வகையையே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பின் சுவரை மட்டும் 8-க்குத் துளையிடலாம். முன் சுவரைத் தொடக் கூடாது, கேலிப்பர் நிற்பதே அதை நம்பித்தான். எந்த நட்டானாலும் குறைந்தது ஆறு சுற்று உள்ளே போயிருக்க வேண்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்.

லீவரில் ஒரு பொறி இருக்கிறது. வி-பிரேக்குக்கான லீவர் ஒயரை நிறைய இழுக்கும், கேலிப்பருக்கானது குறைவாக, ஆனால் பலமாக இழுக்கும். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கேலிப்பருக்கு வி-பிரேக் லீவர் போட்டால் கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ‘கேலிப்பர் லீவர்’ என்று சொல்லிக் கேளுங்கள். கைப்பிடி பக்கம் ஹேண்டில் பாரின் தடிமன் 22.2 மி.மீ. என்றால் சாதாரண லீவர் அப்படியே பொருந்தும். நம் ஊரில் வலது கை முன் பிரேக், மோட்டார் சைக்கிளிலும் அதே வழக்கம். மாற்றாதீர்கள், அவசரத்தில் கை யோசிக்காது.

ஒயரின் மேலுறை பிரேக்குக்கானதாகவே இருக்க வேண்டும். கியர் ஒயரின் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக்கின் அழுத்தத்தில் பிளந்துவிடும். நீளத்தைச் சணல் கயிறு வைத்து அளந்துகொண்டு போங்கள். ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் உறை இழுபடக் கூடாது. பின்னாலும் ஒயர் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், சாதாரண அளவில் வெட்டி விற்கும் செட் 24 இன்ச் ஃபிரேமில் நாலு விரல் குறையும்.

கட்டைகளை ரிம்முக்கு நேராக, மேல் ஓரம் ரிம்மின் விளிம்புக்கு ஒரு மி.மீ. கீழே இருக்கும்படி பிடித்து இறுக்குங்கள். டயரை எந்த நிலையிலும் தொடக் கூடாது, இதற்கு மேல் இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டையின் பின்முனையில் ஒரு விசிட்டிங் கார்டை மடித்து வைத்து, லீவரை அழுத்திப் பிடித்தபடி திருகை இறுக்கி, அப்புறம் கார்டை உருவினால் முன்முனை மயிரிழை முந்தித் தொடும். கிறீச்சென்ற சத்தம் வராமலிருக்க இதுதான் வழி.

ஒயரைப் பூட்டும் முன், உறை வந்து நிற்கும் சரிசெய்யும் திருகை முழுக்க உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே எடுத்துவையுங்கள். இரண்டு கட்டைகளையும் ரிம்மோடு ஒட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒயரைக் குறட்டால் இழுத்து நட்டை இறுக்குங்கள். மூன்று கை வேண்டிய வேலை, வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். பிறகு லீவரைப் பத்துத் தடவை பலம் கொண்ட மட்டும் அழுத்துங்கள். ஒயர் தன் இடத்தில் உட்கார்ந்து தளரும். தளர்ந்ததை மறுபடி இழுத்துப் பூட்டி, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மி.மீ. இடைவெளி வரும்படி திருகில் சரிசெய்யுங்கள். ஒயரின் நுனியில் மூடி போட்டு நசுக்கிவிடுங்கள். பிரிந்த ஒயர் நுனி விரலில் ஏறினால் ஒரு வாரம் சாப்பிடும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

டிரம்

மட்கார்டு எவ்வளவு அகலமாக இருந்தாலும், ரிம் எந்த வடிவமாக இருந்தாலும், மழை எப்படிக் கொட்டினாலும் டிரம்முக்குக் கவலையில்லை. எல்லாம் ஹப்புக்குள் மூடியிருக்கிறது. காசும் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால் இந்தச் சைக்கிளுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஸ்டர்மி ஆர்ச்சர் 70 மி.மீ., 90 மி.மீ. என்று இரண்டு அளவில் முன் டிரம் ஹப் செய்கிறது. பாரம் ஏற்றுபவர்களுக்கு 90.

வாங்குமுன் மூன்று விஷயம். நம் பழைய ரிம்களில் முன்னால் 32, பின்னால் 40 துளை. டிரம் ஹப் பெரும்பாலும் 36 துளையில் வரும், அப்போது 36 துளை ரிம்மும் தேட வேண்டும். புது ஹப் 100 மி.மீ. அகல ஃபோர்க்குக்கானது, பழைய ஃபோர்க் கால்களுக்கு நடுவே அதைவிடக் குறைவாக இருக்கலாம், அளந்துகொள்ளுங்கள். மூன்றாவது, ஹப்பிலிருந்து நீளும் இரும்புக் கையை ஃபோர்க் காலோடு கிளிப் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். பிரேக் பிடிக்கும் விசை முழுவதையும் அந்தக் கைதான் தாங்குகிறது. அது கழன்றால் ஹப்பே அச்சோடு சுற்றப் பார்க்கும். லீவர், கேலிப்பருக்கான அதே குறை இழுப்பு வகை. புது டிரம் முதல் சில நாட்கள் மந்தமாகத்தான் பிடிக்கும், ஓட ஓடப் பதமாகும்.

தெருவில் இறங்கும் முன்

சைக்கிளில் ஏறாமல் பக்கத்தில் நின்று, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். அப்புறம் ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் ஏறி ஓட்டிப் பாருங்கள், பிறகு கொஞ்சம் வேகத்தில். புதுக் கட்டை முதலில் வழுக்கும். இருபது முப்பது தடவை நின்று கிளம்பினால் ரிம்மோடு பழகிவிடும்.

காய்ந்த ரிம்மில் திருப்தியானதும் ஒரு சொம்புத் தண்ணீரை ரிம்மைச் சுற்றி ஊற்றிவிட்டு மறுபடி அதே சோதனை. எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று தரையில் கோடு போட்டுப் பாருங்கள். ஐப்பசி மழையில் முன்னால் போகும் ஆட்டோவுக்குப் பின்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அந்தக் கோட்டில் இருக்கிறது.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மட்கார்டும் பிரேக்கும் சேர்ந்து தொங்கும் அந்த ஒரு போல்டை மட்டும் இரண்டு முறை.